காசிமேட்டுப் பெண் மரபியல் படிக்கலாமா?

அன்புள்ள அக்கா,

மரபியல் (பெற்றோரின் குணங்கள் பிள்ளைகளுக்கு எப்படி வருகின்றன என்று ஆராயும் படிப்பு) படிக்க ஆசைப்படும் மகளோடு நேற்று வந்தபோது நீங்கள் சொன்ன ஒரு சொல் இன்னும் மனதை அறுக்கிறது. "எங்கள் வம்சத்திலேயே பத்தாவதைத் தாண்டினவர்கள் கிடையாது. ரத்தத்திலேயே இல்லாத படிப்பு இவளுக்கு மட்டும் எப்படி வரும்?" என்றீர்கள். அவள் தலையைக் குனிந்துகொண்டாள். கட்டணம், வேலை எல்லாம் பிறகு. முதலில் இதைப் பேசிவிடுகிறேன்.

அவளுக்கு உங்களிடமிருந்து வந்தது 23 குரோமோசோம், அதாவது மரபணுக்களைத் தாங்கும் இழைகள்; அவள் அப்பாவிடமிருந்து 23. ரத்த வகையும் தோலின் நிறமும் அந்த வழியில் வந்தவை. பள்ளிப் படிப்புக்கென்று ஒரு மரபணு அதில் கிடையாது. விடியும் முன்பே மீன் ஏலத்துக்கு ஓட வேண்டியிருந்தவர்கள் எப்படிப் பள்ளிக்குப் போயிருப்பார்கள்? பழியை ரத்தத்தின் மேல் போடாதீர்கள் அக்கா.

போன ஞாயிறு உங்கள் கடையில் சங்கரா மீன் வாங்கினேன். உங்கள் மகள் மீன் கண்ணைக் கீறி, உள்ளிருந்த சிறு உருண்டையை உள்ளங்கையில் வைத்துக் காட்டினாள். வெந்த ஜவ்வரிசி போலத் தெளிவாக இருந்தது. "நமக்குக் கண் உருவாக்கும் மரபணுதான் சார் இதற்கும்" என்றாள். சரியாகத்தான் சொன்னாள். பாக்ஸ்-6 என்பது அதன் பெயர். 1995-இல் சுவிட்சர்லாந்து விஞ்ஞானிகள் எலியின் அந்த மரபணுவைப் பழ ஈயின் காலில் செயல்பட வைத்தார்கள். காலில் கண் முளைத்தது, அதுவும் ஈயின் கண்ணாகவே! மனித மரபணுக்களில் சுமார் 70 சதவீதத்துக்கு வரிக்குதிரை மீன் (ஜீப்ரா ஃபிஷ்) என்ற சின்ன மீனில் இணை உண்டு. அதனால்தான் நம் நோய்களை ஆராய்கிறவர்கள் தொட்டி தொட்டியாக அந்த மீனை வளர்க்கிறார்கள். மீனோடு பிறந்து வளர்ந்த பெண்ணுக்கு அந்த ஆராய்ச்சிக் கூடம் அந்நியமாக இராது.

வேலைக்கு வருவோம். மூன்று வருடப் பட்டத்தோடு மரபியல் வேலை என்று எந்த விளம்பரம் சொன்னாலும் நம்பாதீர்கள். முதுகலையும் சேர்த்து ஐந்து வருடம் ஆகும். அதன்பின் பரிசோதனைக் கூடம், கருத்தரிப்பு மையம், தடயவியல், ஆராய்ச்சி என்று வழிகள் உண்டு. ஆகவே கடன் வாங்கித் தனியார் கல்லூரியில் பயோடெக்னாலஜி வேண்டவே வேண்டாம். பிராட்வே பாரதி மகளிர் கல்லூரி போன்ற அரசுக் கல்லூரியில் விலங்கியல் படிக்கட்டும்; பிறகு தரமணியில் சென்னைப் பல்கலைக்கழகத்தின் மரபியல் துறைக்கு முயலலாம். ஆறாம் வகுப்பிலிருந்தே அரசுப் பள்ளி என்பதால் தமிழக அரசின் புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் வரும்.

ஆனால் உங்கள் வீட்டு நிலைமைக்கு நான் முதலில் சொல்வது பொன்னேரி மீன்வளக் கல்லூரியைத்தான். நான்கு வருடம், நீட் தேவையில்லை, அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கு 7.5 சதவீத ஒதுக்கீடு இருக்கிறது. மீன் மரபியலும் அங்கே பாடம்தான். மேலே படிக்க முடியாமல் போனாலும் அந்தப் பட்டத்தை வைத்து மீன்வளத் துறைத் தேர்வு எழுதலாம்.

இரண்டுக்கும் விண்ணப்பியுங்கள். ஆறு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்ததற்கான சான்றைத் தலைமையாசிரியரிடம் இந்த வாரமே வாங்கிவிடுங்கள். படிவத்தை நாம் உட்கார்ந்து நிரப்பலாம். வியாபாரம் முடிந்து எத்தனை மணிக்கு வந்தாலும் சரி, அவளையும் அழைத்து வாருங்கள்.