ஸ்டீயரிங் ஊளையிட்டால் உடனே பம்ப்பை மாற்றாதீர்கள்

கேள்வி: 2009 மாடல் சான்ட்ரோ ஜிங் வைத்திருக்கிறேன். 92,000 கி.மீ. ஓடியிருக்கிறது. இரண்டு மாதமாகக் காலையில் வண்டியை எடுத்து ஸ்டீயரிங்கை ஒடித்தால் 'ஊய்ங்' என்று சத்தம் வருகிறது. பார்க்கிங்கில் திருப்பினால் கை வலிக்கிறது. ரோட்டில் போகும்போது அவ்வளவாகத் தெரியவில்லை. சர்வீஸ் சென்டரில் ஐந்து நிமிடம் பார்த்துவிட்டு, "பம்ப், ரேக் இரண்டும் மாற்றணும், 34,000 ஆகும்" என்கிறார்கள். தெரு மெக்கானிக், "சென்னை புதுப்பேட்டை பழைய பார்ட்ஸ் கடையிலிருந்து ஒரு பழைய பம்ப் வரவழைச்சு ஏழாயிரத்துல முடிச்சிடலாம், அதுவரைக்கும் பெல்ட்டைக் கழற்றிட்டு ஓட்டுங்க சார்" என்கிறார். மகன் வண்டியை விற்கச் சொல்கிறான். எனக்கு வயது 66. என்ன செய்யட்டும்? – ஒரு வாசகர், திண்டுக்கல்

பதில்: முதல் வேலை, இரண்டு பேரிடமும் அட்வான்ஸ் கொடுக்காமல் இருப்பது.

சத்தம் போடுவது பம்ப்தான், அதில் சந்தேகமில்லை. ஆனால் அது ஏன் சத்தம் போடுகிறது என்று இருவரில் ஒருவராவது பார்த்ததாக உங்கள் கடிதத்தில் இல்லை. உங்கள் வண்டியில் இருப்பது ஆயில் பவர் ஸ்டீயரிங். இன்ஜின் ஒரு பெல்ட் மூலமாகப் பம்ப்பைச் சுற்றுகிறது. பம்ப், பானெட்டுக்குள் இருக்கும் பவர் ஸ்டீயரிங் ஆயில் டப்பாவிலிருந்து ஆயிலை உறிஞ்சி, அழுத்தம் ஏற்றி, கீழே முன் சக்கரங்களைத் திருப்பும் பல் சட்டமான ரேக்குக்கு அனுப்புகிறது. அந்த அழுத்தம்தான் உங்கள் கைக்குத் துணையாகச் சக்கரத்தைத் தள்ளுகிறது. இவ்வளவு தெரிந்தால் போதும். டப்பாவில் ஆயில் குறைந்தாலும், ஆயிலோடு காற்று கலந்தாலும் நல்ல பம்ப் கூட ஊளையிடும். அப்படியே விட்டால்தான் அது உண்மையிலேயே கெட்டுப்போகும். (ஐ10, ஆல்ட்டோ, வேகன்ஆர் வைத்திருப்பவர்கள் குழம்ப வேண்டாம். அவற்றில் பவர் ஸ்டீயரிங் மின்சார மோட்டாரில் ஓடுகிறது. பம்ப்பும் கிடையாது, ஆயிலும் கிடையாது.)

நாளைக் காலை வண்டியை ஸ்டார்ட் செய்யும் முன் பானெட்டைத் திறந்து, டப்பாவில் ஆயில் மட்டம் குறைந்தபட்சக் கோட்டுக்கு மேலே இருக்கிறதா என்று பாருங்கள். ஒரு வெள்ளைத் துணி நுனியை உள்ளே தொட்டு எடுங்கள். கறுத்து, தீய்ந்த வாடை அடித்தால் ஆயில் செத்துவிட்டது. பிறகு வண்டியை ஸ்டார்ட் செய்து, வேறு யாரையாவது ஸ்டீயரிங்கை இரண்டு பக்கமும் மெதுவாக ஒடிக்கச் சொல்லிவிட்டு, டப்பாவுக்குள் கவனியுங்கள். டீ ஆற்றியதுபோல் நுரை பொங்கினால் எங்கேயோ காற்று புகுகிறது என்று அர்த்தம். எங்கே?

பதினைந்து வருஷ வண்டியில் நான் முதலில் கை வைப்பது டப்பாவிலிருந்து பம்ப்புக்குப் போகும் தடித்த ரப்பர் ஹோஸில். இதில் அழுத்தம் கிடையாது, பம்ப் உறிஞ்சும் பக்கம் இது. வருஷக்கணக்கில் இன்ஜின் சூட்டில் கிடந்து ரப்பர் மரத்துப் போயிருக்கும், கிளிப் பிடிப்பு தளர்ந்திருக்கும். இந்த இடத்தில் ஒரு விசேஷம் உண்டு. ஆயில் வெளியே ஒரு சொட்டுகூடக் கசியாது, ஆனால் காற்று உள்ளே போகும். ராத்திரி குளிர்ச்சியில் ரப்பர் இறுகிக் கிடக்கும்போது அதிகமாகப் போகும், வண்டி சூடானதும் குறையும். நீங்கள் சொல்லும் காலை நேரச் சத்தம் இதற்கு அப்படியே பொருந்துகிறது. கீழே ஆயில் சொட்டவில்லை என்பதால் 'லீக் இல்லை, அதனால் பம்ப்தான்' என்று எழுதிவிடுகிறார்கள். ஒரு ஹோஸ், இரண்டு நல்ல கிளிப், ஒரு லிட்டர் ஆயில் என்று ஆயிரம், ஆயிரத்தைந்நூறு ரூபாயில் முடிகிற வேலை பல வண்டிகளில் 34,000 ஆகிறது.

அடுத்து அந்த டப்பாவே. அதன் அடியில் ஒரு சல்லடை இருக்கும். அதில் கசடு அடைத்துக்கொண்டால் பம்ப்புக்கு ஆயில் போதாமல் போகும். சல்லடையைத் தனியே கழற்ற முடியாது, டப்பாவையே மாற்றிவிடுங்கள். பெல்ட் தளர்ந்திருந்தால் சத்தம் வேறு மாதிரி. 'ஊய்ங்' இல்லை, 'கீச்' என்று கத்தும். இன்ஜினை அணைத்துவிட்டு நடுவில் கட்டைவிரலால் அழுத்தினால் ஒரு சென்டிமீட்டர் அளவுக்கு அமுங்கலாம், அதற்கு மேல் கூடாது. டயரில் காற்று குறைந்திருந்தாலும் பார்க்கிங்கில் கை வலிக்கும். இதைச் சொல்லக் கூச்சமாக இருக்கிறது, ஆனால் நிறைய பேர் பார்ப்பதில்லை.

ஆயில் விஷயத்தில் ஒரு எச்சரிக்கை. டப்பா மூடியிலோ வண்டியின் கையேட்டிலோ எந்த ஆயில் என்று போட்டிருக்கும், அதைத்தான் ஊற்ற வேண்டும். பிரேக் ஆயிலை ஊற்றிவிட்டால் பம்ப்பிலும் ரேக்கிலும் உள்ள ரப்பர் சீல்கள் ஊதி, ஒழுக ஆரம்பிக்கும். அப்புறம் 34,000 என்பது உண்மையான கணக்காகிவிடும். "எல்லாம் ஆயில்தான் சார்" என்று சொல்கிற கடையில் பஞ்சர்கூட ஒட்டாதீர்கள்.

பம்ப் நிஜமாகவே போய்விட்டது என்பதற்கு அடையாளங்கள் வேறு. துணியில் தொட்ட ஆயிலை வெயிலில் பிடித்தால் பொடிப்பொடியாக உலோகம் மினுங்கும். பம்ப்பின் சக்கரத்தைக் கையால் ஆட்டினால் லொடலொட என்று ஆடும். அல்லது ஹோஸ், ஆயில், பெல்ட் எல்லாம் மாற்றி, காற்றை முழுதாக வெளியேற்றிய பிறகும் பார்க்கிங்கில் கனம் குறையாது. சர்வீஸ் சென்டரில் அழுத்தத்தை அளக்கும் கேஜ் இருக்க வேண்டும். "கேஜ் போட்டீர்களா? அளவு என்ன வந்தது? எழுதிக் கொடுங்கள்" என்று கேளுங்கள். ஐந்து நிமிடத்தில் யாரும் கேஜ் போட்டிருக்க முடியாது.

ரேக்கை எதற்கு மாற்றச் சொன்னார்கள் என்று எனக்குப் புரியவில்லை. ரேக் கெட்டால் பெரும்பாலும் ஒரு பக்கம் ஒடிப்பது லேசாகவும் மறுபக்கம் கனமாகவும் இருக்கும், அல்லது அதன் இரு முனையிலும் உள்ள ரப்பர் உறைக்குள் ஆயில் தேங்கியிருக்கும். இரண்டும் இல்லையென்றால் ரேக்கைத் தொட விடாதீர்கள்.

சரி, பெல்ட்டைக் கழற்றிவிட்டு ஓட்டலாமா? கூடாது. பம்ப் சுற்றாவிட்டாலும் ஸ்டீயரிங் சக்கரத்தோடு இணைந்துதான் இருக்கும், வண்டி திரும்பும். ஆனால் பவர் ஸ்டீயரிங் இல்லாத வண்டியைவிட இது கனம். பவர் ரேக்கின் பல் அமைப்பே பம்ப் துணையை நம்பிச் செய்தது. 66 வயதில் ஒரு குழந்தை குறுக்கே ஓடிவந்து சட்டென்று ஒடிக்க வேண்டிய நேரத்தில் உங்கள் தோள் உதவாது.

இதற்கு ஒரே ஒரு விலக்கு உண்டு, உங்கள் ஊர் என்பதால் விளக்கமாகவே சொல்கிறேன். சிறுமலையிலோ கொடைக்கானல் மலைப்பாதையிலோ போகும்போது பம்ப்பிலிருந்து ரேக்குக்குப் போகும் அழுத்த ஹோஸ் வெடித்து ஆயில் மொத்தமும் போய்விட்டது என்று வையுங்கள். ஆயில் இல்லாமல் பம்ப் சுற்றினால் உள்ளே உராய்ந்து இறுகிவிடும், பெல்ட் கருகும். முதலில் இன்ஜினை அணைத்து, ஆறவிட்டு, சைலன்ஸர் பக்கம் ஆயில் சிந்தியிருக்கிறதா என்று பாருங்கள். சூடான குழாயில் இந்த ஆயில் பட்டால் தீப்பிடிக்கும். சிந்தியிருந்தால் வண்டியை எடுக்கவே வேண்டாம், டோ வண்டியைக் கூப்பிடுங்கள். சிந்தவில்லை என்றால் பம்ப்பைச் சுற்றும் பெல்ட் எத்தனை சக்கரங்களைச் சுற்றிப் போகிறது என்று எண்ணுங்கள். டென்ஷனர் என்று ஒரு சின்ன உருளை இருந்தால் அதைக் கணக்கில் சேர்க்காதீர்கள். இன்ஜின் சக்கரம், பம்ப் சக்கரம் என்று இரண்டே என்றால் அந்தப் பெல்ட் பம்ப்புக்கு மட்டும்தான். அதைக் கழற்றிவிட்டுச் சமதளத்தில் மெதுவாக அடுத்த ஊர் வரை போகலாம். மூன்றாவதாக ஏசி இருந்தால் ஏசி மட்டும் வேலை செய்யாது, பாதகமில்லை. பேட்டரியைச் சார்ஜ் செய்யும் ஆல்ட்டர்நேட்டர் இருந்தால், பேட்டரி தீரும்வரைதான் வண்டி ஓடும். தண்ணீர் பம்ப்பும் அதே பெல்ட்டில் இருந்தால் கையே வைக்கக் கூடாது, சில கிலோமீட்டரில் இன்ஜின் கொதித்துவிடும். எப்படியானாலும் மலை இறக்கத்தில் இந்தச் சோதனை வேண்டாம். கொண்டை ஊசி வளைவில் கனமான ஸ்டீயரிங்கோடு மல்லுக்கட்டுவதைவிட டோ கூலி மலிவு. இதெல்லாம் வண்டி பாதி வழியில் நின்றுபோனால் செய்வது. மெக்கானிக் சொன்ன மாதிரி பம்ப் வரும்வரை வாரக்கணக்கில் ஓட்டுவதற்கு இல்லை. ரேக்குக்கும் அது நல்லதில்லை.

இப்போது புதுப்பேட்டை பம்ப். சென்னையில் புதுப்பேட்டைக்கு நேரில் போய், பொருளைக் கையில் எடுத்துப் பார்த்து வாங்கத் தெரிந்தவர்களுக்கு அது நல்ல இடம். உங்களுக்கு அப்படி இல்லை. "வரவழைக்கிறேன்" என்ற சொல்லுக்குள் கடைக்காரர், பார்சல் ஆள், மெக்கானிக் என்று மூன்று பேருடைய கமிஷன் இருக்கிறது. அதைவிட மோசம், கழற்றிய பம்ப் எத்தனை வருஷம் ஓடியது, என்ன ஆயிலில் ஓடியது என்று யாருக்கும் தெரியாது. சான்ட்ரோ ஜிங் தயாரிப்பு 2014 இறுதியோடு நின்றது. ஆக, இப்போது வரும் எந்தப் பழைய பம்ப்பும் பத்து வருஷத்துக்கு மேற்பட்டதுதான். உங்கள் பழைய பம்ப்பைக் கொடுத்து இன்னொரு பழைய பம்ப் வாங்க ஏழாயிரம் எதற்கு?

'ரீகண்டிஷன்' என்பது இன்னொரு மாயம். டீசலில் கழுவி, வெள்ளி பெயின்ட் அடித்து, புது சீல் ஒன்று போட்டால் அதற்குப் பெயர் ரீகண்டிஷன். பம்ப்புக்குள் மெல்லிய தகடுகள் சுற்றும். அவை உரசும் சுவரில் கோடு விழுந்திருந்தால் எந்த சீலும் அதைச் சரிசெய்யாது. பெயின்ட் பளபளப்பாக இருந்தால் எனக்குச் சந்தேகம் கூடத்தான் செய்யும். நியாயமாக வேலை செய்யும் ஆட்கள் இருக்கிறார்கள், அவர்கள் பம்ப்பைப் பிரித்து உங்கள் கண்ணில் காட்டிவிட்டுத்தான் விலை பேசுவார்கள்.

புது பம்ப்தான் வேண்டும் என்றாகிவிட்டால் பில்லோடு வாங்குங்கள். "பில் இல்லாமல் ஜிஎஸ்டி மிச்சம்" என்பார்கள். அந்த 18 சதவீதத்தை மிச்சம் பிடித்தவர் ஒரே மாதத்தில் பம்ப் ஒழுகும்போது யாரிடம் போய்க் கேட்பது? கழற்றிய பழைய பம்ப்பைக் கட்டாயம் திருப்பி வாங்குங்கள். மாற்றாமலே மாற்றினேன் என்று சொல்வதும், உங்கள் பழைய பம்ப்பே பெயின்ட் பூசி இன்னொருவருக்குப் போவதும் நடக்கிறது. புது பம்ப்பைச் சுத்தியலால் தட்டி ஏற்றினால் எழுந்து போய் நிறுத்துங்கள், உள்ளே பேரிங் போய்விடும். பழைய ஆயிலில் மிச்சம் இருக்கும் உலோகத் தூள் புது பம்ப்பையும் தின்றுவிடும். ஆகவே முழுவதும் வடித்து, புது ஆயில் ஊற்றி, முன் சக்கரங்களை ஜாக்கியில் தூக்கி, இன்ஜின் ஓடாமலே ஸ்டீயரிங்கை இரண்டு பக்கமும் பலமுறை சுற்றிக் காற்றை வெளியேற்ற வேண்டும். குமிழி நின்ற பிறகுதான் ஸ்டார்ட். அரை மணி நேர வேலை, பலர் செய்வதில்லை.

எனக்கு எரிச்சல் வருகிற இடம் வேறு. பாதி கேஸ்களில் பம்ப்பில் போனது ஒரு ஆயில் சீல். அதைத் தனியே கேட்டால், "அசெம்பிளியாகத்தான் வரும்", அதாவது முழு பம்ப்பாகத்தான் கிடைக்கும் என்பது கவுன்டரில் வரும் பதில். 2022 டிசம்பரில் மத்திய நுகர்வோர் விவகாரத் துறை பழுதுநீக்கும் உரிமைக்கென்று ஒரு இணையதளமே திறந்தது, அதில் வாகனங்களும் உண்டு. கவுன்டரில் பதில் மாறவில்லை. ஆனால் அதே ஆண்டு ஏப்ரலில் மத்திய அரசுக்கு, 15 வருஷம் தாண்டிய காருக்குப் பதிவைப் புதுப்பிக்கும் கட்டணத்தை 600 ரூபாயிலிருந்து 5,000 ஆக உயர்த்தத் தெரிந்தது. பழைய வண்டிக்குப் பணம் கட்டச் சொல்கிறவர்கள், அதைப் பழுது பார்க்க ஒரு சீல் கிடைக்க வழி செய்யக் கூடாதா?

இன்ஷூரன்ஸில் கிளெய்ம் போட்டுத் தருகிறேன் என்று யாராவது சொல்வார். தேய்மானத்துக்குப் பாலிசி பணம் தராது. விபத்து என்று பொய் எழுதினால் உங்கள் கையெழுத்தில்தான் போகும், சேர்த்து வைத்த நோ கிளெய்ம் போனஸும் போகும்.

மகன் சொன்ன மாதிரி விற்பதற்கு இது நேரமில்லை. ஊளையிடும் வண்டிக்கு புரோக்கர் வைக்கும் விலையில் பம்ப், ரேக், அவர் லாபம் எல்லாம் கழிந்திருக்கும். முதலில் ஹோஸ், கிளிப், ஆயில் மாற்றி இரண்டு வாரம் ஓட்டிப் பாருங்கள். அந்த இரண்டு வாரமும் ஸ்டீயரிங்கை முழுக்க ஒடித்து ஐந்து வினாடிக்கு மேல் பிடித்து நிற்காதீர்கள். பார்க்கிங்கில் வண்டியை லேசாக நகர்த்திக்கொண்டே ஒடியுங்கள். சத்தம் குறையாவிட்டால் அழுத்த அளவை எழுதி வாங்கி, புது பம்ப் மட்டும் போடுங்கள்.