சாக்லேட் உறையைத் திருப்பிப் பாருங்கள்

கேள்வி: சூப்பர் மார்க்கெட்டில் ‘ஃபேர்டிரேட்’ (நியாய வணிகம்) முத்திரை போட்ட வெளிநாட்டு சாக்லேட் ஒன்றைப் பார்த்தேன். பக்கத்தில் இருந்த சாதாரண சாக்லேட்டைப்போல மூன்று மடங்கு விலை. அந்தக் கூடுதல் பணம் விவசாயிக்குத்தான் போகிறதா?
– வாசகி, கோயம்புத்தூர்

பதில்: இல்லை, அதில் மிகச் சிறிய பங்குதான் போகிறது. கணக்குப் போட்டுப் பார்ப்போம். 2019 அக்டோபரில் ஃபேர்டிரேட் அமைப்பு நிர்ணயித்தபடி, ஒரு டன் கோகோ வாங்கும் கம்பெனி அதன் விலைக்கு மேல் 240 டாலரை விவசாயிகளின் கூட்டுறவுச் சங்கத்துக்குத் தர வேண்டும். அதாவது கிலோவுக்கு 24 சென்ட். நூறு கிராம் சாக்லேட்டுக்குத் தேவையான கோகோவுக்கு இதைப் பிரித்தால் நம் பணத்தில் ஒன்றிரண்டு ரூபாய் வரும். நீங்கள் பார்த்த மற்ற வித்தியாசமெல்லாம் இறக்குமதி வரி, கப்பல் செலவு, கடைக்காரர் லாபம், அதில் சேரும் கூடுதல் கோகோ ஆகியவற்றுக்கானது.

அப்படியும் அதை வாங்கலாம் என்றுதான் சொல்வேன். முத்திரையின் உயிர் அந்த ஒன்றிரண்டு ரூபாயில் இல்லை, குறைந்தபட்ச விலையில் இருக்கிறது. நெல்லுக்கு ஆதரவு விலை என்றால் என்ன என்பது நமக்குத் தெரியும். அது இல்லாத தக்காளிக்கு என்ன நடக்கிறது என்பதை ஒட்டன்சத்திரம் பக்கம் ரோட்டோரம் கொட்டிக் கிடக்கும் கூடைகளிலேயே பார்த்திருக்கிறோம். தக்காளிக்காரராவது அடுத்த போகத்துக்கு வேறு பயிர் வைக்கலாம். கோகோ மரம் காய்க்கவே மூன்று முதல் ஐந்து வருஷம் ஆகும். விலை விழுந்துவிட்டது என்று அதை வெட்டிப்போட்டுவிட்டு மாற முடியாது.

உலகக் கோகோவில் பாதிக்கு மேல் மேற்கு ஆப்பிரிக்காவின் ஐவரி கோஸ்ட், கானா இரண்டு நாடுகளிலிருந்து மட்டும் வருகிறது. பெரும்பாலும் சில ஏக்கர் வைத்திருக்கும் குடும்பங்கள். 2016 நடுவிலிருந்து சில மாதங்களுக்குள் உலகச் சந்தை விலை மூன்றில் ஒரு பங்குக்கு மேல் சரிந்தது. 2017 ஏப்ரலில் ஐவரி கோஸ்ட் அரசு, விவசாயிக்குக் கிலோவுக்கு 1,100 ஃபிராங்க் (அந்நாட்டு நாணயம்) என்றிருந்த கொள்முதல் விலையை 700 ஆகக் குறைத்தது. அதே மரம், அதே உழைப்பு, வருமானம் மட்டும் மூன்றில் இரண்டு பங்காகிவிட்டது. அந்தச் சமயத்தில் ஃபேர்டிரேட்டின் குறைந்தபட்ச விலை டன்னுக்கு 2,000 டாலர். சந்தை அதற்குக் கீழே போனபோதெல்லாம், முத்திரையோடு வாங்கிய கம்பெனிகள் இடையில் உள்ள வித்தியாசத்தை ஈடுகட்ட வேண்டியிருந்தது. 2019இல் அதை 2,400 ஆக்கினார்கள்.

சந்தை ஏறும்போது இந்த ஏற்பாட்டுக்கு வேலை இல்லை. நோயும் மழைக்கோளாறும் விளைச்சலைக் கெடுத்ததால் 2024 டிசம்பரில் ஒரு டன் 12,000 டாலரைத் தாண்டியது. ஆனால் இந்த இரண்டு நாட்டு அரசு வாரியங்களும் விளைச்சலில் பெரும்பகுதியை முன்கூட்டியே பழைய விலைக்கு விற்றிருந்தன, அதனால் அந்த ஏற்றம் விவசாயிக்கு முழுதாகக் கிடைக்கவில்லை. அடுத்த வருஷமே விலை ஏறக்குறைய பாதியாக இறங்கிவிட்டது. இப்படி இறங்கும் காலத்துக்குத்தான் குறைந்தபட்ச விலை வேண்டும்.

கேள்வி: பச்சைத் தவளை போட்ட சாக்லேட்டும் நியாய வணிகம்தானா?
– வாசகர், திருச்சி

பதில்: தவளை, ரெயின்ஃபாரஸ்ட் அலையன்ஸ் என்ற சுற்றுச்சூழல் அமைப்பின் முத்திரை. காடு, மண், பூச்சிமருந்து, வேலை செய்பவர்களின் நிலை ஆகியவற்றைப் பார்க்கிறார்கள். விவசாயிக்குக் கொஞ்சம் கூடுதல் தொகையும் கொடுக்கச் சொல்கிறார்கள். நல்ல காரியம்தான், ஆனால் விலைக்கு அடிமட்டம் கிடையாது. கம்பெனிகள் தங்களுக்குத் தாங்களே வைத்துக்கொண்ட திட்டங்களும் உண்டு. பிரிட்டனில் 2009இல் ஃபேர்டிரேட் முத்திரை பெற்ற கேட்பரி டெய்ரி மில்க், பின்னர் அதை விட்டு ‘கோகோ லைஃப்’ என்ற சொந்தத் திட்டத்துக்குப் போய்விட்டது. கொடுப்பவரே அளவையும் பார்க்கும் திட்டத்தைவிட, வெளியார் வந்து தணிக்கை செய்யும் முத்திரையைத்தான் நான் நம்புவேன்.

கேள்வி: என் சாக்லேட் உறையின் பின்னால் ‘மாஸ் பேலன்ஸ்’ என்று இருக்கிறது. இதில் இருப்பது முத்திரை பெற்ற விவசாயிகளின் கோகோ இல்லையாமே. ஏமாற்று வேலையா?
– வாசகி, லண்டன்

பதில்: ஏமாற்று இல்லை. ஊர்ப் பால் சொசைட்டியை நினைத்துக்கொள்ளுங்கள். பத்து வீட்டுப் பாலும் ஒரே கேனில் கலக்கிறது. யார் எத்தனை லிட்டர் ஊற்றினார் என்பது நோட்டில் இருக்கிறது, பணம் அதன்படி போகிறது. உங்கள் டம்ளரில் இருப்பது எந்த மாட்டுப் பால் என்று சொல்ல முடியாது. கோகோ ஆலையிலும் முத்திரை பெற்றதும் பெறாததும் ஒன்றாக அரைபடலாம். ஆனால் நூறு டன் வாங்கியவர் அதற்குச் சமமான அளவு சாக்லேட்டுக்குத்தான் முத்திரை போட முடியும். விவசாயிக்குப் பணம் போய்விட்டது என்பதே முக்கியம். அந்தக் கோகோவே வேண்டும் என்றால், தனியாகப் பிரித்து வைத்ததாக உறையில் சொல்லும் சாக்லேட்டைத் தேடுங்கள்.

கேள்வி: கோகோத் தோட்டங்களில் குழந்தைகள் வேலை செய்வதை வகுப்பில் சொன்னேன். “இனி சாக்லேட்டே வேண்டாம்” என்கிறார்கள் மாணவர்கள். என்ன சொல்வது?
– ஆசிரியர், மதுரை

பதில்: அந்தப் பிள்ளைகளுக்கு என் அன்பைச் சொல்லுங்கள். அவர்கள் கோபத்துக்குக் காரணம் இருக்கிறது. கோகோவில் மிக மோசமான குழந்தை உழைப்பை 2005க்குள் ஒழிப்போம் என்று பெரிய சாக்லேட் கம்பெனிகள் 2001இல் ஹார்கின்–ஏங்கல் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டன. 2020இல் வந்த சிகாகோ பல்கலைக்கழக ஆய்வு மைய அறிக்கை, கானாவிலும் ஐவரி கோஸ்டிலும் கோகோ வேலையில் குழந்தைத் தொழிலாளர்கள் சுமார் 15.6 லட்சம் பேர் என்றது. பெரும்பாலும் சொந்தக் குடும்பத் தோட்டத்தில்தான் வேலை. வெட்டரிவாளால் காய் அறுப்பது, வயதுக்கு மீறிய சுமை தூக்குவது, மருந்து அடிக்கும் இடத்தில் நிற்பது. கூலிக்கு ஆள் வைக்க அப்பாவிடம் காசு இல்லை, அதனால் பிள்ளை தோட்டத்துக்குப் போகிறது.

எல்லோரும் வாங்காமல் விட்டால் அந்த அப்பாவின் கையில் இன்னும் குறைவாகத்தான் காசு இருக்கும். முத்திரை போட்ட தோட்டத்தில் குழந்தையே வேலை செய்யாது என்று யாரும் உத்தரவாதம் தர முடியாது, இதையும் மாணவர்களிடம் மறைக்காதீர்கள். குவாப்பா கொக்கூவைப் பற்றிச் சொல்லுங்கள். 1993இல் கானா விவசாயிகள் சேர்ந்து தொடங்கிய கூட்டுறவு அது. பெயருக்கு ‘நல்ல கோகோ விவசாயி’ என்று பொருள். பிரிட்டனில் 1998இல் தொடங்கிய டிவைன் சாக்லேட் கம்பெனியில் ஆரம்பம் முதலே அவர்களும் பங்குதாரர்கள். சாக்லேட் விற்ற லாபத்தில் கோகோ விளைவித்தவருக்கும் பங்கு வந்தது. மாதம் நான்கு வாங்குகிற பிள்ளை, இப்படிப்பட்ட ஒன்றை மாதம் ஒரு தடவை வாங்கினால் போதும்.

கேள்வி: பொள்ளாச்சியிலேயே கோகோ விளைகிறதே, உள்ளூர் சாக்லேட்டில் முத்திரை இல்லாவிட்டால் வாங்கலாமா?
– வாசகர், உடுமலைப்பேட்டை

பதில்: தாராளமாக வாங்கலாம். அங்கே தென்னைக்கு ஊடுபயிராகக் கோகோ வைக்கிறார்கள். சிறிய தயாரிப்பாளர் பலருக்கு முத்திரைக் கட்டணம் கட்டுப்படியாகாது. கடலுக்கு அப்பால் இருப்பவர்களிடம் கேட்க முடியாததை இங்கே நேரிலேயே கேட்கலாம்: யார் தோட்டத்துக் கொட்டை, கிலோவுக்கு என்ன விலை கொடுத்தீர்கள், போன வருஷம் சந்தை இறங்கியபோது எவ்வளவு கொடுத்தீர்கள்? தோட்டத்திலிருந்து நேரே வாங்கும் தயாரிப்பாளர் இதற்கு யோசிக்காமல் பதில் சொல்வார். உறையில் உள்ள சேர்மானப் பட்டியலில் ‘கோகோ வெண்ணெய்’க்குப் பதில் வேறு தாவரக் கொழுப்பு இருந்தால் மட்டும் திருப்பி வைத்துவிடுங்கள். அதில் கோகோ விவசாயிக்குப் போக வேண்டியதே மிகக் கொஞ்சம்.