மாங்காய் சீசன் முடிந்துவிட்டது, தம்பி

கேள்வி: நான் கிரீன் கார்டில் நியூஜெர்சியில் இருக்கிறேன். கல்யாணமாகி இரண்டரை வருடம். மனைவி காவேரிப்பட்டணம் பக்கத்தில் என் அப்பா அம்மாவுடன் இருக்கிறாள். அப்பாவுக்குப் பக்கவாதம் வந்ததிலிருந்து அவள்தான் பார்த்துக்கொள்கிறாள். மாந்தோப்புக் கணக்கும் அவள் கையில்தான். விசாவுக்குக் காத்திருந்து சலித்துப்போய், போன் செய்தாலே அழுகிறாள். பாலக்கோட்டில் அம்மா வீட்டுக்குப் போகிறேன் என்கிறாள், இல்லையென்றால் நீங்கள் வந்துவிடுங்கள் என்கிறாள். கட்டணம் கட்டச் சொல்லி விசா மையத்திலிருந்து போன கார்த்திகையில் மெயில் வந்தது, மாங்காய் சீசன் முடியட்டும் என்று வைத்திருக்கிறேன். அக்கா தர்மபுரியில் இருக்கிறாள், ஆனால் அவளுக்கு அவள் குடும்பம். மனைவியை எப்படிப் பொறுமையாக இருக்க வைப்பது?
– பெயர் வேண்டாம்

பதில்: விசாவுக்குக் காத்திருப்பவர்களின் கடிதங்கள் எனக்கு நிறைய வருகின்றன. வரிசை நகரவில்லை, இன்டர்வியூ தேதி வரவில்லை என்று புலம்புவார்கள். அவர்களுக்குச் சொல்ல நாலு ஆறுதல் வார்த்தை என்னிடம் உண்டு. உங்களுக்குச் சொல்ல ஒன்றும் இல்லை தம்பி. உங்கள் மனைவியின் விசாவை நிறுத்தி வைத்திருப்பது நீங்கள்.

போன கார்த்திகையில் மெயில் வந்தது என்று போகிற போக்கில் எழுதிவிட்டு, உடனே அக்காவைப் பற்றிப் பேசப் போய்விட்டீர்கள். நான் அந்த இடத்திலேயே நின்றுவிட்டேன். இப்போது ஆடி. தோதாபுரி மாங்காய் லாரி ஏறி, மாங்கூழ் ஆலைக்குப் போய், டப்பாவிலும் அடைந்திருக்கும். சீசன் முடியட்டும் என்றீர்களே, முடிந்துவிட்டது. கட்டினீர்களா?

கட்ட வேண்டியது விசா விண்ணப்பத்துக்கு 325 டாலர், அவளை உங்கள் வருமானத்தில் பார்த்துக்கொள்வேன் என்று நீங்கள் எழுதிக்கொடுக்கும் ஆதரவுப் பத்திரத்தைச் சரிபார்க்க 120 டாலர். நியூஜெர்சியில் சம்பளம் வாங்குகிறவருக்கு இது பெரிய தொகை இல்லை. அதைக் கட்டினால்தான் டிஎஸ்-260 என்ற விசா விண்ணப்பப் படிவத்தையே திறக்க முடியும். அப்புறம் உங்கள் வருமானக் கணக்கு, அவளுடைய போலீஸ் சான்றிதழ், மருத்துவப் பரிசோதனை, மும்பையில் இன்டர்வியூ என்று வேலை வரிசையாக நிற்கிறது. முதல் படியிலேயே எட்டு மாதமாக உட்கார்ந்துகொண்டு, அவளைப் பொறுமையாக இருக்கச் சொல்கிறீர்கள்.

இன்னொன்றையும் கேட்டுக்கொள்ளுங்கள். விசாவுக்கு விண்ணப்பிக்கலாம் என்று அறிவிப்பு வந்து ஒரு வருடத்துக்குள் விண்ணப்பிக்காவிட்டால் விசாப் பதிவையே ரத்து செய்ய அமெரிக்கச் சட்டம் சொல்கிறது. நம் கைமீறிய காரணம் இருந்தால் அறிவிப்பு வந்த இரண்டு வருடத்துக்குள் காட்டி மீட்கலாம். மாங்காய் சீசனைக் கைமீறிய காரணம் என்று எந்த அதிகாரியும் ஒப்புக்கொள்ள மாட்டார். வந்த மெயிலில் என்ன எழுதியிருக்கிறது, உங்களுக்கு எந்தத் தேதிக் கெடு என்று இன்றைக்கே படித்துப் பாருங்கள்.

அந்த மெயில் வந்த விஷயம் அவளுக்குத் தெரியுமா? கடிதத்தில் அதைப் பற்றி ஒரு வரி இல்லை. தெரிந்திருந்தால் அவள் அழுதுகொண்டிருக்க மாட்டாள், சண்டை போட்டிருப்பாள். அமெரிக்காக்காரன் தாமதிக்கிறான் என்று நம்பிக்கொண்டு உங்கள் அப்பாவைக் குளிப்பாட்டிக்கொண்டிருக்கிறாள்.

பெற்றவர்களைப் பார்ப்பது கடமை என்பதில் எனக்கு இரண்டு கருத்து கிடையாது. முதியோர் இல்லத்தில் விட்டுவிட்டு வாருங்கள் என்று நான் எழுத மாட்டேன். ஆனால் அந்தக் கடமை பெற்ற பிள்ளைகளுடையது. மருமகள் செய்தால் அது அவள் மனசு. சொல்லாமல் கொள்ளாமல் விசாவை முடக்கி அவளிடம் அதை வாங்குவது ஏமாற்று. அக்காவுக்கு அவள் குடும்பம் இருக்கிறதாம். சரி, உங்கள் மனைவிக்கு இருப்பது என்ன?

அப்பாவுக்கு என்ன வழி என்று கேட்பீர்கள். மாதச் சம்பளத்துக்கு ஆள் வையுங்கள், பணத்தை நீங்கள் அனுப்புங்கள். அம்மாவுக்குத் துணையாக அக்கா முறை வைத்து வரட்டும். தமிழக அரசின் மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் பிசியோதெரபி, பிபி, சர்க்கரை மாத்திரை எல்லாம் வீட்டுக்கே வருகின்றன. 2021 ஆகஸ்டில் உங்கள் கிருஷ்ணகிரி மாவட்டத்துச் சாமனப்பள்ளியில்தான் அதைத் தொடங்கினார்கள். ஆரம்ப சுகாதார நிலையத்தில் பெயர் கொடுக்க ஒரு நடை போதும். தோப்பைக் குத்தகைக்கு விடுங்கள்.

இதெல்லாம் ஒத்துவராது, அப்பா பக்கத்தில் சொந்த மனுஷர்தான் இருக்க வேண்டும் என்றால் நீங்கள் வாருங்கள். அவளும் அதைத்தானே கேட்கிறாள்? கிரீன் கார்டு போய்விடும் என்ற பயம் இருந்தால், கிளம்பும் முன் அங்கிருந்தே ரீ-என்ட்ரி பர்மிட்டுக்கு, அதாவது நீண்ட நாள் வெளியே இருந்துவிட்டுத் திரும்பி வருவதற்கான அனுமதிக்கு, விண்ணப்பியுங்கள். இரண்டு வருடம் வரை கொடுப்பார்கள். இரண்டில் எது வேண்டுமானாலும் செய்யுங்கள். நீங்கள் அங்கே, அவள் இங்கே, அப்பா அவள் தலையில் என்ற இந்த ஏற்பாட்டுக்கு மட்டும் என்னிடம் ஆசி கேட்காதீர்கள்.

பாலக்கோட்டுக்குப் போகிறேன் என்கிறாளா, போகட்டும். ஆடி மாதம் பெண் அம்மா வீட்டில் இருந்தால் யாரும் ஒன்றும் சொல்ல மாட்டார்கள். அவள் அங்கே இருக்கும்போது கட்டணத்தைக் கட்டி ரசீதை அவளுக்கு அனுப்புங்கள். மெயில் வந்த தேதியையும் நீங்களே சொல்லுங்கள். எட்டு மாதமாக ஏன் கட்டவில்லை என்று கேட்பாள். பதில் சொல்லுங்கள், ‘அம்மாதான் சொன்னாங்க’ என்று மட்டும் ஆரம்பிக்காதீர்கள்.