வீட்டில் வேண்டாம் என்கிறார்கள், பழைய பாலியோ 1.6 வாங்கலாமா?

கேள்வி: "20 வருடத்துக்கு மேலான ஃபியட் பாலியோ 1.6 ஒன்று குறைந்த விலைக்கு வருகிறது. ரொம்ப நாளாக ஓடாமல் நிற்கிறது. வாங்கிச் சரிசெய்து ஓட்டலாமா? வீட்டில் எல்லோரும் காசைக் கரியாக்காதே என்கிறார்கள்."

வாங்கலாம். ஆனால் வண்டியைப் பார்க்கப் போவதற்கு முன்னால் மெக்கானிக்கைப் பார்த்துவிட்டு வாருங்கள். உங்கள் ஊரிலோ பக்கத்து ஊரிலோ இந்த எஞ்சினைக் கழற்றிப் பூட்டத் தெரிந்த, அவசரப்படாத ஆள் ஒருவர் இருந்தால் வாங்குங்கள். இல்லையென்றால் சும்மா கொடுத்தாலும் வேண்டாம். கேட்ட கேள்விக்குப் பதில் இவ்வளவுதான். மீதியெல்லாம் என் கதை. "காசைக் கரியாக்குகிறான்" என்ற பேச்சை நானும் வருடக்கணக்கில் கேட்டவன் என்பதால் சொல்கிறேன்.

உங்களுக்கு இருபத்தைந்து, முப்பது வயது இருக்கும், கையில் கொஞ்சம் சேமிப்பு இருக்கும், "இ.எம்.ஐ. போட்டுப் புதுசா ஒண்ணு எடுடா" என்று அப்பாவோ மாமாவோ சொல்லியிருப்பார்கள் என்று வைத்துக்கொள்கிறேன். 2014-ல் என் நிலைமை அதுதான். எனக்கு ஊர் கிருஷ்ணகிரி, வேலை ஓசூரில். தருமபுரியில் ஓய்வுபெற்ற டாக்டர் ஒருவர் வீட்டுப் போர்டிகோவில் 2002 மாடல் பாலியோ 1.6 ஜி.டி.எக்ஸ். தார்பாயின் கீழ் நிற்பதாகத் தெரியவந்தது. பையன் வெளிநாடு போய்விட்டான், ஓட்ட ஆளில்லை. 60,000 ரூபாய்க்குக் கொடுத்தார். கொடுக்கும்போது, "பிரிச்சு வித்துடாதீங்க தம்பி" என்று மட்டும் கேட்டுக்கொண்டார்.

இந்த வண்டியைப் பற்றித் தெரியாதவர்களுக்காக ஒரு வார்த்தை. ஃபியட் இந்தியாவில் பாலியோவை 2001-ல் கொண்டுவந்தது. சச்சின் டெண்டுல்கர்தான் விளம்பரத்தில் வருவார், அவரை வைத்து எஸ்10 என்று ஒரு சிறப்புப் பதிப்பும் விட்டார்கள். ஊரில் நாம் அதிகம் பார்த்தது 1.2 லிட்டர் வண்டியைத்தான். 1.6 ஜி.டி.எக்ஸ். வேறு ரகம். 1,596 சி.சி., 16 வால்வு, கிட்டத்தட்ட 100 குதிரைத்திறன். அந்தக் காலத்து மாருதி ஜென் 60 குதிரைத்திறன் வண்டி. (ஜென் வைத்திருப்பவர்கள் கோபித்துக்கொள்ள வேண்டாம். எடை குறைவான வண்டி, அதுவும் அருமையாக ஓடும். எனக்குப் பிடித்தது இது, அவ்வளவுதான்.) கல்லூரி நாட்களில் கிருஷ்ணகிரி ரவுண்டானா பக்கம் ஒரு மஞ்சள் பாலியோ போகும். அது கண்ணைவிட்டு மறையும் வரை நின்று பார்த்துவிட்டுத்தான் பஸ் ஏறுவேன்.

வண்டியை டெம்போவில் ஏற்றித்தான் கொண்டுவந்தோம். பழையபேட்டையில் எங்களுக்குத் தெரிந்த பாய் ஒருவர் ஷெட் வைத்திருக்கிறார். பிரீமியர் பத்மினி காலத்திலிருந்து ஃபியட் பார்த்தவர். ஷெட்டில் இறக்கியதும் நான் சாவியோடு போனேன். "சாவி போடாதீங்க தம்பி. முதல்ல கையால சுத்திப் பாப்போம்" என்றார். நாலு ஸ்பார்க் பிளக்கையும் கழற்றி, ஒவ்வொரு சிலிண்டரிலும் கொஞ்சம் எண்ணெய் விட்டு, ஒரு ராத்திரி அப்படியே வைத்தார். மறுநாள் கிராங்க் புல்லி நட்டில் ஸ்பானர் போட்டு மெதுவாகச் சுற்றினார். சுற்றியது. அதற்கப்புறமும் ஸ்டார்ட் பண்ணவில்லை. டைமிங் பெல்ட், டென்ஷனர், வாட்டர் பம்ப் மூன்றையும் மாற்றிய பிறகுதான் பேட்டரியே வைத்தார். வால்வையும் பிஸ்டனையும் ஒரே தாளத்தில் ஓடவைக்கும் டைமிங் பெல்ட் ரப்பர். நின்ற இடத்திலேயே வருடக்கணக்கில் காய்ந்து வெடித்திருக்கும். ஓடும்போது அறுந்தால் வால்வு போய் பிஸ்டனில் மோதும். இந்த எஞ்சினுக்கு 16 வால்வும் புதிதாகத் தேடுவதென்றால் வண்டி வாங்கிய காசைவிட அதிகமாகிவிடும்.

வேலை நிறையவே இருந்தது. ஏர் ஃபில்டர் பெட்டிக்குள் எலி கூடு கட்டி, பக்கத்திலிருந்த வயரைக் கடித்து வைத்திருந்தது. டேங்கில் பழைய பெட்ரோல் பிசினாகிக் கிடந்ததால் டேங்கை இறக்கிக் கழுவ வேண்டியிருந்தது. பெட்ரோல் பம்ப் புதிது, இன்ஜெக்டர் நாலையும் கழற்றிச் சுத்தம் செய்தோம். பிரேக் காலிப்பர் இறுகிப்போய் இருந்தது. டயர் பார்க்கப் புதிதுபோல இருந்தாலும் பக்கச் சுவரெல்லாம் வெடிப்பு, நாலையும் தூக்கிப் போட்டோம். பாடியில் மட்டும் அதிர்ஷ்டம். போர்டிகோவில் நின்ற வண்டி என்பதால் தரைத்தகட்டில் துரு ரொம்ப இல்லை. டிங்கர் வேலை இரண்டு கதவின் அடிப்பகுதியோடு முடிந்தது. பட்டி பூசி மறைக்காமல் அழுகின தகட்டை வெட்டிப் புதுத் தகடு வைத்துப் பற்றவைத்தார்கள். நீங்கள் பார்க்கப் போகும் வண்டியில் கார்ப்பெட்டைத் தூக்கித் தரையைப் பார்ப்பதும், முன் சஸ்பென்ஷன் மேல்பக்கம் பாடியோடு சேரும் இடத்தைப் பார்ப்பதும் முக்கியம். அங்கே துரு தின்றிருந்தால் விட்டுவிடுங்கள். எஞ்சினை எப்படியாவது தேற்றிவிடலாம், அதைத் தேற்ற முடியாது.

உதிரி பாகம்தான் எல்லோரும் பயமுறுத்தும் விஷயம். பயம் பாதி நியாயம். 1.2 எஞ்சினுக்குக் கிடைக்கிற அளவுக்கு 1.6-க்குக் கிடைக்காது. ஆனால் பாலியோவும் ஃபியட்டின் இன்னொரு காரான சியெனாவும், சியெனாவுக்கே பின்னால் பெயர் மாற்றி வந்த பெட்ராவும் ஒரே அடித்தளத்தில் செய்தவை. கதவுப் பூட்டு, கண்ணாடி ஏற்றும் மெஷின், முன் சஸ்பென்ஷன் சாமான் எல்லாவற்றுக்கும் "சியெனாவுது இருக்கா?" என்று கேட்டால்தான் கடைக்காரர் அலமாரி திறப்பார். பெங்களூரு ஜே.சி. ரோட்டில் சந்து சந்தாக அலைந்து எடுத்தது நிறைய. பின் விளக்கு ஒன்று மட்டும் சென்னை புதுப்பேட்டையில்தான் அகப்பட்டது.

எங்கேயும் கிடைக்காதது எஞ்சின் மவுண்டிங், அதாவது எஞ்சினைப் பாடியோடு தாங்கிப் பிடிக்கும் ரப்பர் தாங்கி. ரப்பர் கிழிந்து, நிறுத்தத்தில் நிற்கும்போது ஸ்டீயரிங் கையில் உதறும். இங்கேதான் எங்கள் மாவட்டத்தை நினைத்துப் பெருமைப்படுகிறேன். ஓசூரில் பெரிய தொழிற்சாலைகளை நம்பி நூற்றுக்கணக்கான சின்ன லேத் பட்டறைகள் இருக்கின்றன. மைக்ரோமீட்டரை வைத்துக்கொண்டு மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்கு பார்க்கிற ஆட்கள். என்னோடு வேலை செய்த அண்ணன் ஒருவர் மூலமாக ஒரு பட்டறைக்குப் போனேன். பழைய மவுண்டிங்கை அளந்து, புது உருளை கடைந்து, உள்ளே ரப்பருக்குப் பதிலாகப் பாலியூரிதேன் வார்த்துக் கொடுத்தார்கள். முதல் வார்ப்பு கொஞ்சம் கெட்டியாக இருந்து அதிர்வு உள்ளே வந்தது. சொன்னதும் அவர்களாகவே மென்மையான தரத்தில் மறுபடி வார்த்தார்கள். வண்டியை விற்கும் வரை அந்த மவுண்டிங்தான் ஓடியது. இத்தாலிக்காரர்கள் வரைந்த வண்டிக்கு ஓசூர் பட்டறையில் சாமான் செய்து பூட்டிய சந்தோஷம் புது வண்டி ஷோரூமில் எனக்குக் கிடைத்ததே இல்லை.

எல்லாம் சேர்த்து இரண்டு வருடத்தில் சுமார் 1,80,000 ரூபாய் ஆனது. மொத்தமாகப் போடவில்லை, சம்பளத்திலிருந்து மாதாமாதம்.

சரி, ஓட்டுவது எப்படி? கிருஷ்ணகிரியிலிருந்து ஓசூர் 50 கிலோமீட்டர் சொச்சம். பஸ்ஸில் போகிறவர்களுக்குத் தெரியாது, ஆனால் அந்தத் தூரத்தில் ஏறக்குறைய 400 மீட்டர் உயரம் ஏறுகிறோம். குருபரப்பள்ளி தாண்டி மேலுமலை ஏற்றம் வரும்போது லாரியெல்லாம் முக்கி முனகிக்கொண்டு போகும். அங்கே மூன்றாவது கியருக்கு மாற்றி மிதித்தால், எஞ்சின் நிமிடத்துக்கு 3,500 சுற்றைத் தாண்டியதும் இந்த எஞ்சினுக்கு இன்னொரு குரல் வரும். அதுவரை சாதுவாக இருந்த வண்டி எழுந்து நிற்கும். அந்தச் சத்தத்துக்காகவே பாட்டுப் போடாமல் ஓட்டுவேன். ஸ்டீயரிங் ஹைட்ராலிக், இந்தக் கால மின்சார ஸ்டீயரிங்போல விரலால் சுழலாது. சந்தில் வண்டியைத் திருப்பினால் தோள் வலிக்கும். நெடுஞ்சாலையில் மட்டும் தரை எப்படி இருக்கிறது என்பது உள்ளங்கைக்கே வந்துவிடும். கதவைச் சாத்தினால் கனமாக ஒரு "தொப்" சத்தம். என் அம்மா கார் பற்றி ஒன்றும் தெரியாதவர், அவரே "இந்தக் கதவு சாத்துனா நம்பிக்கையா இருக்கு" என்பார்.

எனக்கு ரொம்பப் பிடித்தது தேன்கனிக்கோட்டையிலிருந்து அஞ்செட்டி, நாட்றாம்பாளையம் வழியாக ஒகேனக்கல் இறங்கும் காட்டுச் சாலை. யானை நடமாடும் பகுதி, இருட்டுவதற்குள் தாண்டிவிட வேண்டும். அங்கே யாரும் வேகமாக ஓட்ட முடியாது, கூடாது. ஆனால் 40, 50 வேகத்திலேயே வளைவுக்கு வளைவு இந்த வண்டி சாய்ந்து எழுவதும், கியர் மாற்றும் கணக்கும் தனி அனுபவம். வேகத்தை ஊக்குவிக்கிறேன் என்று யாரும் எழுத வேண்டாம். தொப்பூர் இறக்கத்தில் நசுங்கிக் கிடந்த வண்டிகளைப் பார்த்து வளர்ந்தவன் நான்.

மைலேஜ் கேட்பார்கள். ஊருக்குள் லிட்டருக்கு 9, நெடுஞ்சாலையில் 13. குறைவுதான். ஆறு ஏர்பேக்கும் கிடையாது. தினமும் குழந்தைகளைப் பள்ளியில் விட ஒரே ஒரு வண்டிதான் இருக்கப்போகிறது என்றால் இதை வாங்காதீர்கள். நான் மழை நாட்களுக்கும் குடும்பப் பயணத்துக்கும் வீட்டு வண்டியை வைத்துக்கொண்டுதான் இதை வைத்திருந்தேன்.

என் மாமா ஒவ்வொரு பண்டிகைக்கும் சொல்வார்: "ஏன் மாப்ளே, இந்த ஓட்டை வண்டிக்குக் கொட்டுற காசுல தோப்புல ஒரு போர் போட்டிருக்கலாமே." எங்களுக்கு மாந்தோப்பு இருக்கிறது, முக்கால்வாசி கூழுக்குப் போகும் பெங்களூரா ரகம். வீண்செலவு என்று பேசுவதானால் தோப்புக் கணக்கைத்தான் பேச வேண்டும். மருந்தடிக்க, உழ, காவலுக்கு, காய் அறுக்கக் கூலி என்று வருடம் முழுவதும் செலவு. அறுப்பு நேரத்தில் மாங்கூழ் ஆலைக்காரர்கள் சொல்வதுதான் விலை. பக்கத்துச் சித்தூர் காயும் அதே வாரத்தில் வந்து இறங்கும். டிராக்டர் ஆலை வாசலில் ராத்திரி பகலாக நிற்க, காய் பழுத்துக்கொண்டே இருக்க, விலை இறங்கிக்கொண்டே இருக்கும். 2025-ல் விலை விழுந்தபோது ஆந்திராவில் அரசே கிலோவுக்கு 4 ரூபாய் சேர்த்துக் கொடுத்தது. இங்கே அறுப்புக் கூலிகூடத் தேறாமல் காயை மரத்திலேயே விட்டவர்கள் எங்கள் பக்கத்துத் தோப்பிலேயே உண்டு. அறுப்புக்கு முன்பே விலையை எழுதிக் கையெழுத்துப் போட ஆலைகளை ஏன் யாரும் கட்டாயப்படுத்துவதில்லை? போர் போட்டால் மட்டும் இது சரியாகுமா? என் சம்பளத்தில் என் வண்டிக்குச் செலவழித்த காசு கண்ணுக்கு முன்னால் ஓடியது. அதை மட்டும் எல்லோரும் எண்ணினார்கள்.

காகித வேலைக்கு வருகிறேன். "15 வருஷம் ஆச்சுன்னா வண்டியை உடைக்கணும்" என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். பெட்ரோல் வண்டிக்கு 15, டீசலுக்கு 10 என்ற தடை டெல்லி வட்டாரத்துக்கானது. தமிழ்நாட்டில் 15 வருடம் முடிந்ததும் வண்டியைக் காட்டி, பசுமை வரி கட்டி, ஐந்தைந்து வருடமாகப் பதிவைப் புதுப்பிக்கலாம். 2017-ல் நான் புதுப்பித்தபோது கட்டணம் சில நூறு ரூபாய்தான். 2022 ஏப்ரலிலிருந்து காருக்கு 5,000 ஆக்கினார்கள். 2025-ல் 20 வருடம் தாண்டிய கார்களுக்கு 10,000 ஆக்கிவிட்டார்கள். உங்களுக்கு அந்த 10,000 வரும், பேரம் பேசும்போது கணக்கில் வையுங்கள். ஆர்.சி. எப்போது காலாவதி என்பதையும் பாருங்கள்.

இன்னொன்று, இப்போது பங்கில் வருவது 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல். அந்தக் காலத்து ரப்பர் குழாய்கள் அதற்காகச் செய்தவை அல்ல. பெட்ரோல் போகும் எல்லா ரப்பரையும் எத்தனால் தாங்கும் குழாயாக மாற்றிவிடுங்கள். பெரிய செலவில்லை, ஆனால் சூடான எஞ்சின் மேல் பெட்ரோல் கசிந்தால் வண்டியே எரிந்துவிடும்.

2023-ல் என் பாலியோவைக் கொடுத்துவிட்டேன். அப்பாவுக்கு முழங்கால் அறுவை சிகிச்சை ஆனபிறகு தாழ்ந்த சீட்டில் உட்கார்ந்து எழ முடியவில்லை, உயரமான வண்டி தேவைப்பட்டது. இருக்கிற வண்டிகளோடு இன்னொன்றையும் நிறுத்த இடமில்லை. கோயம்புத்தூரிலிருந்து வந்த பையனுக்குத்தான் கொடுத்தேன். அதிக விலை சொன்ன ஒருவர் எஞ்சினை மட்டும் எடுக்கப் போகிறார் என்று தெரிந்ததும் அவரைத் திருப்பி அனுப்பிவிட்டேன். டாக்டரிடம் கொடுத்த வாக்கு இருக்கிறதே. ஓசூர் மவுண்டிங்கின் அளவு எழுதிய தாளையும் ஆர்.சி.யோடு சேர்த்துக் கொடுத்தேன்.

உங்கள் வண்டி தருமபுரி, கிருஷ்ணகிரி, திருப்பத்தூர் பக்கம் என்றால் சொல்லுங்கள், ஒரு ஞாயிற்றுக்கிழமை நானே வந்து பார்க்கிறேன். அதற்குள் விற்பவர் "பேட்டரி போட்டு ஸ்டார்ட் பண்ணிக் காட்டவா?" என்று கேட்டால், வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள்.