கேளுங்கள், சொல்கிறேன்: நியூ ஜெர்சியிலிருந்து நியூயார்க்குக்கு எந்த ரயில், எங்கே மாறுவது?

புது வேலை, புது வீடு என்று நியூ ஜெர்சிக்கு வந்து சேர்ந்தவர்கள் அனுப்பிய ரயில் கேள்விகள் நிறையச் சேர்ந்துவிட்டன, அதனால் இந்த முறை முழுக்க அவைதான். கட்டணமும் நேரமும் மாறிக்கொண்டே இருக்கும், அவற்றை, இங்கே ரயில் ஓட்டும் நியூ ஜெர்சி டிரான்சிட் நிறுவனத்தின் ஆப்பில் பார்த்துக்கொள்ளுங்கள். எங்கே ஏறி எங்கே மாறுவது என்பதை மட்டும் பேசுவோம்.

மெட்ரோபார்க் ஸ்டேஷன் பக்கத்தில் வீடு பார்த்திருக்கிறோம். எனக்கு ஆபீஸ் உலக வர்த்தக மையத்துக்கு அருகில். நேரே நியூயார்க் பென் ஸ்டேஷன் போய், அங்கிருந்து சப்வே பிடிக்கச் சொல்கிறார்கள். அதுதான் சரியான வழியா? (வாசகர், எடிசன்)

வேண்டாம், நியூவர்க்கில் இறங்கி, நியூ ஜெர்சிக்கும் மன்ஹாட்டனுக்கும் இடையே ஓடும் பாத் (PATH) ரயிலுக்கு மாறுங்கள். நியூயார்க் பென் ஸ்டேஷன் இருப்பது 34-வது தெருவில், உங்கள் ஆபீஸோ மன்ஹாட்டனின் தென்கோடியில். அவ்வளவு தூரம் வடக்கே போய்விட்டு மறுபடி சப்வேயில் தெற்கே வருவது வீண் அலைச்சல். நியூவர்க்கில் கிளம்பும் பாத் ரயில் போய் முடிகிற இடமே உலக வர்த்தக மையம்தான், அரை மணிக்குள் கொண்டுபோய் விட்டுவிடும். உங்கள் ரயில் நியூவர்க்கில் 1-வது தடத்தில் வந்து நின்றால் இன்னும் நல்லது, பாத் அதே நடைமேடையின் மறுபக்கத்திலேயே நிற்கும், படி ஏறி இறங்க வேண்டாம். மாலையில் அப்படி இல்லை, பாத் உங்களை மேல்தளத்தில் இறக்கிவிடும், கீழே வந்துதான் மெட்ரோபார்க் ரயிலைப் பிடிக்க வேண்டும், அதற்குச் சில நிமிடம் ஒதுக்கிக்கொள்ளுங்கள்.

மாதப் பாஸை நியூவர்க் வரைக்கும் எடுத்தால் போதும். பாத்தை நடத்துவது போர்ட் அதாரிட்டி என்ற வேறு அமைப்பு, நியூ ஜெர்சி டிரான்சிட் டிக்கெட் அதில் செல்லாது, தனியாகக் கட்ட வேண்டும். பாத்தில் இறங்கி சப்வே ஏறினால் அதற்கும் தனிக் கட்டணம்தான். அப்புறம் முதல் வாரத்தில் ஒன்றை மட்டும் கவனியுங்கள்: நியூவர்க்கிலும் ஒரு பென் ஸ்டேஷன், நியூயார்க்கிலும் ஒரு பென் ஸ்டேஷன், கூட்டத்தில் அறிவிப்பு இரண்டும் ஒன்றுபோலவே காதில் விழும். முதலில் வருவது நியூவர்க். ஆற்றுக்கு அடியில் நீளமான சுரங்கத்தைத் தாண்டினால்தான் நியூயார்க்.

வீடு தேடுகிற எல்லோருக்கும் சேர்த்தே சொல்கிறேன். நியூயார்க்குக்கு எத்தனை நிமிடம் என்று கேட்காதீர்கள், ஆபீஸ் வாசலுக்கு எத்தனை நிமிடம் என்று கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டு அப்புறம் வாடகை பேசுங்கள்.

எங்கள் ராரிட்டன் வேலி லைனில் வருகிறவர்களை மட்டும் ஏன் நியூவர்க்கில் இறக்கிவிடுகிறார்கள்? காலையில் ஒரு ரயில்கூட நேரே நியூயார்க் போவதில்லையே? (வாசகி, பிரிட்ஜ்வாட்டர்)

உங்கள் கோபம் நியாயமானது. உங்கள் தடத்தில் மேலே மின்கம்பி கிடையாது, ஓடுவது டீசல் இன்ஜின். ஹட்சன் ஆற்றின் அடியில் போகும் சுரங்கத்தில் டீசலை ஓட்ட அனுமதி இல்லை. இதற்காகவே டீசலிலும் மின்சாரத்திலும் ஓடக்கூடிய இரட்டை இன்ஜின்களை வாங்கினார்கள், 2014-இல் நெரிசல் இல்லாத நேரத்தில் சில ரயில்களை நேரே விட்டார்கள், 2018-இல் பாதுகாப்புக் கருவி பொருத்தும் வேலைக்காக நிறுத்தினார்கள், பிறகு மறுபடி தொடங்கினார்கள்.

அப்படியானால் காலை நெரிசலில் ஏன் இல்லை என்றால், சுரங்கத்தில் இடம் இல்லை. 1910-இல் திறந்த சுரங்கம் அது, போக ஒரு தடம், வர ஒரு தடம், அவ்வளவுதான். ஒரு திசையில் மணிக்கு 24 ரயில் போனால் நிரம்பிவிடும், அதிலும் நெடுந்தூர ரயில்களை ஓட்டும் ஆம்ட்ராக்குக்குப் பங்கு உண்டு. போதாக்குறைக்கு 2012-இல் சாண்டி புயலில் கடல்நீர் உள்ளே புகுந்தது, உப்பு உள்ளே இருக்கும் கான்கிரீட்டையும் மின்கேபிள்களையும் இன்றும் அரித்துக்கொண்டிருக்கிறது. புதுச் சுரங்கம் வரும்வரை உங்களுக்கு விடிவு கிடைப்பது கஷ்டம், இதை மறைத்துப் பேச எனக்கு மனமில்லை. அந்தச் சுரங்கத்துக்கான பணம் தடைபடும்போதெல்லாம் அடிபடுவது உங்களைப் போன்றவர்கள்தான்.

இப்போதைக்குச் செய்யக்கூடியது ஒன்று உண்டு. அட்டவணையில் காட்டும் இணைப்பு ரயிலை மட்டும் நம்பிக் கிளம்பாதீர்கள். காலையில் நியூவர்க்கிலிருந்து நியூயார்க்குக்கு அடுத்தடுத்து ரயில் உண்டு, அதற்குப் பின்னால் வரும் ரயிலில் போனாலும் ஆபீஸ் நேரத்துக்குள் சேர முடிகிற மாதிரி வீட்டிலிருந்து கிளம்புங்கள்.

ரிட்ஜ்வுட்டிலிருந்து வருகிறேன். ஆபீஸ் ஆறாவது அவென்யூ, 14-வது தெரு. செகாக்கஸில் மாறலாமா, ஹோபோகன் வரை போகலாமா? (வாசகர், ரிட்ஜ்வுட்)

ஹோபோகன்தான். அங்கே ரயிலை விட்டு இறங்கினால் பாத் அடியிலேயே இருக்கிறது, வார நாட்களில் 33-வது தெரு போகும் பாத் அங்கேயே கிளம்புவதால் உட்கார இடம் கிடைக்கவும் வாய்ப்பு அதிகம். 14-வது தெருவில் இறங்கினால் உங்கள் ஆபீஸ் வந்துவிடும்.

செகாக்கஸ் என்ற ரயில் மாறும் நிலையம் 2003-இல் வந்தது, உங்கள் பக்கத்து ரயில்கள் கீழ்த்தளத்தில், நியூயார்க் ரயில்கள் மேல்தளத்தில். ஆபீஸ் 34-வது தெருப் பக்கம் என்றால் கண்ணை மூடிக்கொண்டு அங்கே மாறச் சொல்வேன். அப்படி மாறுகிறவர்கள் டிக்கெட்டை நியூயார்க் வரைக்கும் சேர்த்தே எடுங்கள்.

ஆபீஸ் ஜெர்சி சிட்டி நியூபோர்ட்டில். மன்ஹாட்டன் போய்த் திரும்ப வேண்டுமா? (வாசகி, நியூ பிரன்ஸ்விக்)

ஐயோ, வேண்டவே வேண்டாம். நியூவர்க்கில் பாத் ஏறி, குரோவ் ஸ்ட்ரீட்டில் இறங்கி, அதே இடத்தில் நின்று 33-வது தெரு போகும் ரயிலில் ஏறுங்கள். அடுத்த நிறுத்தம் நியூபோர்ட்.

ஊரிலிருந்து அம்மா, அப்பா வந்திருக்கிறார்கள். அம்மாவுக்கு முழங்கால் வலி. சனிக்கிழமை இரண்டு குழந்தைகளையும் கூட்டிக்கொண்டு நியூயார்க் போகலாமா? (வாசகி, ஐஸ்லின்)

தாராளமாகப் போகலாம். மெட்ரோபார்க்கில் லிஃப்ட் உண்டு, நடைமேடையும் ரயில் கதவும் ஒரே உயரம், அம்மா படி ஏற வேண்டாம். எங்கும் மாறாமல் நேரே நியூயார்க் பென் போங்கள், அங்கே 34-வது தெரு சப்வே நிலையங்களிலும் லிஃப்ட் இருக்கிறது. ஆனால் சப்வேயில் நீங்கள் இறங்கப்போகிற நிலையத்திலும் லிஃப்ட் இருக்கிறதா என்று முன்கூட்டியே பாருங்கள், பல இடங்களில் கிடையாது.

62 வயது ஆனவர்களுக்குக் கட்டணச் சலுகை உண்டு, பிறந்த தேதி தெரிகிற அடையாள அட்டை வேண்டும், அதனால் அம்மா, அப்பா பாஸ்போர்ட்டை எடுத்துக்கொள்ளச் சொல்லுங்கள். வார இறுதியில் டிக்கெட் எடுத்த ஒரு பெரியவரோடு 11 வயது வரையுள்ள இரண்டு குழந்தைகள் இலவசமாக வரலாம். தண்டவாள வேலையை வார இறுதியில்தான் வைப்பார்கள், முந்தின நாள் இரவே நேரத்தைச் சரிபாருங்கள்.

ஃபிலடெல்ஃபியாவிலிருந்து ஆம்ட்ராக் கட்டணம் தாங்கவில்லை. வேறு வழி? (வாசகர், ஃபிலடெல்ஃபியா)

ஃபிலடெல்ஃபியா பக்கத்து உள்ளூர் ரயிலான செப்டாவில் டிரென்டன் வரை வந்து, அங்கே நியூ ஜெர்சி டிரான்சிட்டுக்கு மாறுங்கள். இரண்டு டிக்கெட், நேரமும் அதிகம், ஆனால் செலவு நன்றாகக் குறையும். டிரென்டனில் ரயில் புறப்படுவதால் உட்கார்ந்து வரலாம். செப்டா தாமதமானால் மற்றது காத்திருக்காது, அதனால் நேர்முகத் தேர்வு போன்ற நாட்களில் இந்த வழி வேண்டாம்.

திடீரென்று ரயில் நின்றுபோனால் என்ன செய்வது? (வாசகர், மெட்டச்சன்)

முதலில் பாத் உங்கள் டிக்கெட்டை ஏற்கிறதா என்று பாருங்கள். பெரிய தடங்கல் வரும்போது நியூவர்க், ஹோபோகன், 33-வது தெரு ஆகிய மூன்று இடங்களிலும் நியூ ஜெர்சி டிரான்சிட் டிக்கெட்டைக் காட்டி பாத்தில் போகலாம் என்று அறிவிப்பார்கள், ஆப்பில் அந்த அறிவிப்பு வரும்படி வைத்துக்கொள்ளுங்கள். மன்ஹாட்டனில் மாட்டிக்கொண்டால் பென் ஸ்டேஷன் கூட்டத்தில் நிற்காமல், ஒரு தெரு தள்ளி இருக்கும் 33-வது தெரு பாத் நிலையத்துக்கு நடந்துவிடுங்கள். ஆறாவது அவென்யூவில் இருக்கிறது.

மாலையில் நியூயார்க் பென்னில் எந்த நடைமேடை என்று கடைசி நிமிடத்தில்தான் போடுகிறார்கள். பென் ஸ்டேஷனின் புதுக் கூடமான மொய்னிஹான் கூடத்தில் காத்திருக்கலாமா? (வாசகி, ராவே)

2021-இல் திறந்த அந்தக் கூடம் அழகுதான், ஆனால் அங்கிருந்து 1 முதல் 4 வரையிலான தடங்களுக்கு இறங்க முடியாது, நியூ ஜெர்சி டிரான்சிட் ரயில்கள் அந்தத் தடங்களில் நிறையவே வரும். நெரிசல் நேரத்தில் ஏழாவது அவென்யூ பக்கத்தில் இருக்கும் நியூ ஜெர்சி டிரான்சிட் கூடத்தில் நில்லுங்கள். டிக்கெட்டை ஆப்பில் ஏறுவதற்கு முன்பே ஆக்டிவேட் செய்துவிடுங்கள், கீழே நடைமேடையில் சிக்னல் சரியாகக் கிடைக்காது.