இறுகிப்போன செம்புக் குழாய்

கேள்வி: வள்ளத்து எஞ்சினின் செம்புக் குழாயை முதல் தடவை கையாலேயே வளைத்தேன். நிமிர்த்தி மறுபடி வளைத்தால் இறுகிவிட்டது, அப்புறம் வெடித்தும் விட்டது. ஏன்?
- வாசகர், உப்புவெளி, திருகோணமலை

பதில்: செம்பின் அணு வரிசையில் அங்கங்கே பிசகுகள் உண்டு. அவை நகர்வதால்தான் உலோகம் உடையாமல் வளைகிறது. டெய்லர், ஒரோவான், போலான்யி என்ற விஞ்ஞானிகள் மூவரும் 1934இல் தனித்தனியே சொன்ன விளக்கம் இது. வளைக்க வளைக்கப் பிசகுகள் பெருகி, காலை மீன்சந்தை நெரிசல் மாதிரி ஒன்றையொன்று நகரவிடாது. அதுதான் இறுக்கம்.

வெடித்ததை விடுங்கள், புதிது வாங்குங்கள். அடுத்த தடவை இறுகினால் கழற்றி, எண்ணெய் மணம்கூட இல்லாமல் கழுவி, மங்கிய சிவப்பு வரும்வரை சூடாக்குங்கள், இளகிவிடும். சூட்டோடு வாளித் தண்ணீரில் முக்கினாலும் செம்புக்குப் பரவாயில்லை. அதே வேலையை உருக்கு உளியில் செய்து, சுத்தியல் பட்டதும் அது துண்டாய்த் தெறித்ததை நான் பார்த்திருக்கிறேன். உருக்கு வேறு சாதி.