துரை பங்களா அருங்காட்சியகம் ஆகுமா?

கேள்வி: எங்கள் ரப்பர் தோட்டத்தில் பெரிய துரை (தோட்ட மேலாளர்) குடியிருந்த பலகை பங்களா காலியாகக் கிடக்கிறது. அதை எங்கள் குழுவிடம் ஒப்படைக்க நிர்வாகம் சம்மதித்துள்ளது. டச்சுக்காரர்கள் பழைய பிரபுக்களின் மாளிகைகளை அருங்காட்சியகமாக நடத்துகிறார்களாமே? அது எப்படி? நாங்கள் எதிலிருந்து தொடங்குவது?
– ஒரு வாசகர், சுங்கை சிப்புட்

பதில்: அந்த மாளிகைக்கு அங்கே வட்டாரத்துக்கு ஒரு பெயர். நெதர்லாந்தின் வடக்கே குரோனிங்கனில் ‘போர்க்’, கிழக்கே ‘ஹாவெசாட்டெ’. ஆம்ஸ்டர்டாம் வணிகர்கள் ஃபெக்ட் ஆற்றங்கரையில் கட்டிய கோடைக்கால வீடுகள் ‘பாய்டன்பிளாட்ஸ்’. அவற்றை நடத்துவோர் வீட்டையே முதல் காட்சிப்பொருளாகக் கருதுகிறார்கள். குரோனிங்கனின் மென்கெமாபோர்க்கை 1921-இல் குடும்பத்தார் குரோனிங்கன் அருங்காட்சியகத்திடம் கொடுத்தார்கள்; 1927-இல் மக்களுக்குத் திறந்தார்கள். உள்ளே போனால் உணவறை உணவறையாகவே இருக்கும். ஜெர்மானியப் பேரரசர் இரண்டாம் வில்ஹெல்ம் 1920 முதல் 1941-இல் இறக்கும்வரை வாழ்ந்த ஹாய்ஸ் டோர்னும் அப்படித்தான். ஆகவே அறைகளைக் காலி செய்து கண்ணாடிப் பெட்டிகளால் நிரப்பிவிடாதீர்கள்.

முதல் வேலை பதிவு. எதையும் நகர்த்தும் முன் ஒவ்வோர் அறையின் நான்கு சுவரையும் படமெடுங்கள். அடுத்து ஒவ்வொரு பொருளுக்கும் எண். மார்க்கர் பேனாவால் நேராக எழுதினால் மை மரத்துக்குள் இறங்கி, பிறகு போகாது. கண்ணில் படாத ஒரு மூலையில் பராலாய்ட் பி-72 என்ற நிறமற்ற அக்ரிலிக் பூச்சை ஒரு கோட் தடவி, காய்ந்ததும் எண்ணை எழுதி, மேலே இன்னொரு கோட் தடவுங்கள். தேவைப்பட்டால் அசிட்டோனால் துடைத்து எடுத்துவிடலாம். ஆனால் மரத்தில் பழைய வார்னிஷ் இருந்தால் அசிட்டோன் அதையும் கரைக்கும். அப்படிப்பட்ட பொருளுக்கும் துணிக்கும் எண் எழுதிய பருத்தி நாடாவே போதும், பொருளில் கட்டுங்கள், துணியில் தையுங்கள். பால்வெட்டுக் கத்தியை உப்புத்தாள் போட்டுப் பளபளப்பாக்க வேண்டாம். பிடித்த கையின் தடம் அதில்தான் இருக்கிறது. ஈரம் போகத் துடைத்து, மெல்லிய மெழுகு பூசினால் போதும்.

ஒன்றை வற்புறுத்திச் சொல்கிறோம். வரவேற்பறையோடு நின்றுவிடாதீர்கள். பின்கட்டுச் சமையலறை, வேலையாள் அறை, முடிந்தால் ஒரு லயத்து வீடு (தொழிலாளர் வரிசை வீடு), பெரட்டுக்களம் (காலையில் ஆள் கணக்கெடுக்கும் இடம்), ஆயாக்கொட்டகை (பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் இடம்), பால் பிடிக்கும் மங்கு, வாளி எல்லாம் சேர்ந்தால்தான் அந்தத் தோட்டத்தின் கதை முழுமையாகும்.

கேள்வி: குளிர்சாதனம் பொருத்தலாமா?
– வாசகி, அதே ஊர்

பதில்: பகலில் ஓட்டி இரவில் நிறுத்துவதாக இருந்தால் வேண்டவே வேண்டாம். குளிர்ந்து கிடக்கும் பொருள்மேல் இரவின் ஈரக்காற்று பட்டால் நீர் கோக்கும், பூஞ்சணம் பிடிக்கும். ஒப்பு ஈரப்பதம் 65 விழுக்காட்டைத் தாண்டி நீடித்தால் ஆபத்து. அறைக்கு ஓர் ஈரமானி வையுங்கள். டச்சு வீடுகளில் குளிர்காலத்தில் இளஞ்சூடு கொடுத்து ஈரத்தைக் குறைப்பார்கள். நமக்கு அது பொருந்தாது. நம் பங்களா தூண்மேல் நிற்பது காற்றோட்டத்துக்காக; அடிப்பகுதியைச் சுவர் வைத்து அடைக்காதீர்கள். செங்கல் தூண் பழைய சுண்ணாம்புக் காரையில் கட்டியதானால் சிமெண்ட் பூசாதீர்கள். ஈரம் வெளியேற வழியின்றி உப்புப் படிந்து, கல் உள்ளிருந்தே உதிரும். பூச்சுக்கும் சுண்ணாம்புக் காரையே சரி, 1 பங்குக்கு 3 பங்கு மணல்.

வெளிச்சம்: துணி, காகிதம், நீர்வண்ணப் படம் 50 லக்ஸ் (வெளிச்சத்தின் அளவு) வரை; எண்ணெய் ஓவியம் 200 லக்ஸ் வரை. பார்வையாளர் இல்லாத நேரத்தில் பலகைச் சன்னலைச் சாத்திவிடுங்கள். டச்சுக்காரர்கள் தலைமுறைகளாகச் செய்துவரும் செலவில்லாத வேலை இது. கறையான் மண்பாதையைத் தூணடியில் மாதம் ஒருமுறை தேடுங்கள்.

கேள்வி: பணத்துக்கு என்ன வழி?

பதில்: நுழைவுக் கட்டணத்தை மட்டும் நம்பாதீர்கள். உட்ரெக்ட் அருகே, கையால் வரைந்த சீனச் சுவர்த்தாள் உள்ள அவுட் அமெலிஸ்வேர்ட் மாளிகையில் 2014-இல் தொடங்கிய அருங்காட்சியகம் நிதி நெருக்கடியால் 2018-இல் மூடப்பட்டது. வண்டிக் கொட்டகையில் தேநீரகம், தோட்டத்தில் திருமணம் என்று வேறு வருமானம் தேடும் மாளிகைகள் அங்கே பல. 1928-ஆம் ஆண்டின் இயற்கை எழில் சட்டம் அத்தகைய நிலங்களுக்கு வரிச் சலுகை தருகிறது. பொதுமக்களை உள்ளே விட்டால் சலுகை கூடும்.

உங்களுக்கு அதைவிட அவசரம் ஒப்பந்தம். தோட்டம் கைமாறினால் வாய்ச்சொல் நிற்காது. எத்தனை ஆண்டு, யார் பழுதுபார்ப்பது, நிலம் விற்கப்பட்டால் என்ன என்பதை எழுத்தில் வாங்காமல் ஒரு ரிங்கிட்கூடச் செலவழிக்காதீர்கள். 2005-ஆம் ஆண்டு தேசிய மரபுடைமைச் சட்டத்தின் கீழ் பதிவுக்கும் முயலுங்கள்.